திருநீறு பூசாத காவல்காரர்

வாடகை சைக்கிள் கடை இருசப்பன் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சாயங்காலம் கடையைப் பாதி சாத்திவிடுவார். கையில் அப்பியிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அதன் பிறகும் நகக்கண்ணில் கறுப்பு மிச்சமிருக்க, அந்தக் கையாலேயே திரௌபதி அம்மனுக்குச் சூடம் காட்டுவார்.

"பூசாரி, ஆத்தா மூக்குத்தியில கிரீஸ் ஒட்டிக்கப் போவுது" என்று யாராவது கிண்டல் செய்தால் அவர் கோபப்பட மாட்டார்.

"ஒட்டினா இன்னா? அஞ்சு புருசனுக்கு அடுப்பூதினவ. அவ கையில கரி படாமலா இருந்திச்சி?"

திருவண்ணாமலைக்குப் பெரிய கோயில் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இந்தக் கோயில் படாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜட்கா வண்டிகள் நிற்கிற திடலை ஒட்டி, நாட்டு ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கட்டடம். முன்னால் தீமிதிக்கென்று விடப்பட்ட வெற்று மைதானம். பெரிய கோயிலுக்கு ஆகமம் உண்டு, அதிகாரிகள் உண்டு, அர்ச்சனைச் சீட்டு உண்டு. இங்கே இருந்ததெல்லாம் இருசப்பனும் ஒரு பித்தளை மணியும்தான். அவர் அப்பா பூசாரி, அதனால் அவரும் பூசாரி. பத்தொன்பது வயதிலிருந்து தீமிதி அன்று பூங்கரகத்தைத் தலையில் வைத்து முதல் ஆளாக நெருப்பில் இறங்குகிறவர் அவர்தான். சைக்கிள் கடையில் அவர் வெறும் இருசப்பன். அந்த ஒரு நாள் மட்டும் தெருவே அவர் காலில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசும். அந்தப் பெருமையைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறு பெருமை ஒன்றும் இல்லை.

அம்மன் இருக்கிறாளா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இருசப்பன் என்ற மனிதர் இருந்தார் என்பதில் சந்தேகம் கிடையாது. இது அவருடைய கதை.

கோயில் வாசலுக்கு வலப்பக்கம் வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அதற்கு முத்தால ராவுத்தர் என்று பெயர். திரௌபதிக்குக் காவல் நிற்கிற முஸ்லிம் வீரர். பாரதத்தை ஏட்டில் மட்டும் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் ஆர்க்காட்டு மண்ணில் எத்தனையோ திரௌபதி அம்மன் கோயில் வாசல்களில் அவர் நிற்கிறார். என்றைக்கோ குதிரைப் படையில் இந்தப் பக்கம் வந்த யாரோ ஒருவனை, எழுதப் படிக்கத் தெரியாத இந்த மக்கள் தங்கள் கதைக்குள் கூப்பிட்டு, வாசலில் இடம் கொடுத்து, சோறும் போட்டிருக்கிறார்கள். எந்தச் சாஸ்திரியிடமும் அனுமதி கேட்கவில்லை.

ராவுத்தருக்குத் திருநீறு கிடையாது, குங்குமம் கிடையாது. பச்சைத் துணி, சாம்பிராணி, ஒரு சுருட்டு, கோழிக்கறியோடு நெய்ச்சோறு. தீமிதி அன்று அவருக்குப் படைத்த பிறகுதான் யாரும் நெருப்பில் கால் வைக்கலாம். அக்னி குண்டத்துக்கான முதல் வண்டிப் புளியம் விறகும் ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஜட்கா ஓட்டுகிற தஸ்தகீரின் வீடு அது. தஸ்தகீரின் அப்பா கொண்டுவந்தார், அவருக்குப் பிறகு தஸ்தகீர். விறகை இறக்கிப் போட்டுவிட்டு, கல்லுக்கு எதிரே நின்று கையேந்தி ஃபாத்திஹா ஓதிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

"கல்லுக்கா ஓதறீங்க பாய்?" என்று ஒருமுறை இருசப்பன் கேட்டார்.

"கல்லுக்கு எவன் ஓதுவான்? செத்துப்போன ஒரு சிப்பாய்க்கு ஓதறேன். அவனுக்கு இந்த ஊர்ல என்னை வுட்டா ஆளு ஏது?"

சைக்கிள் கடையும் ஜட்கா நிறுத்தமும் பக்கம் பக்கம். தஸ்தகீரின் குதிரை குடிக்கிற தொட்டிக்கு இருசப்பன் கடைக் குழாயிலிருந்துதான் தண்ணீர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே டீக்கடை, ஒரே முதுகுவலி. இந்த நெருக்கம்தான் இருசப்பனை ஒரு பெரிய தவறு செய்ய வைத்தது.

அது எழுபத்து நான்காம் வருஷத் திருவிழா. தீ மிதிக்கிறவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவது வழக்கம். அதற்குக் காப்பு என்று பெயர். கட்டிக்கொண்டவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர். திருவிழா முடியும்வரை கறி தின்னக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. அந்த வருஷம் முதன்முறையாக ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். கையில் மைக் கிடைத்த உற்சாகம், நண்பன் மேல் இருந்த பாசம், இரண்டும் சேர்ந்துகொண்டன. விறகு இறக்க வந்த தஸ்தகீரைக் கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவே இழுத்து வந்தார் இருசப்பன்.

"இதோ, நம்ம தஸ்தகீர் பாய்! இவரும் நம்ம ஆத்தா புள்ளைதான்! இந்த வருசம் இவருக்கும் காப்பு!"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டது. கூட்டம் கைதட்டியது, விசிலடித்தது. தஸ்தகீர் முகத்தில் ரத்தமே இல்லை. கயிற்றை அவிழ்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நண்பனை அவமானப்படுத்த மனம் வரவில்லை அவருக்கு. தலை குனிந்தபடி வண்டியேறிப் போனார்.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்து ஆரணிக்கும் போனது. ஆரணியில்தான் அவர் மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். அம்மன் கயிறு கட்டிக்கொண்டவர் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். பள்ளிவாசலில் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். தஸ்தகீர் ஜட்காவைத் திடலின் அந்தக் கோடியில் கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கினார். குதிரைக்கு வேறு குழாயில் தண்ணீர் பிடித்தார்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்குத் தஸ்தகீரின் முதல் வண்டி விறகு வரவில்லை. வேறொரு முஸ்லிம் வீட்டில் கேட்டு வாங்கிக் குண்டத்தை மூட்டினார்கள்.

இருசப்பனுக்குக் கோபம்தான் வந்தது. "நான் இன்னா தப்புப் பண்ணிட்டேன்? மரியாதைதானே பண்ணேன்?" என்று வீட்டில் குதித்தார். அவர் மனைவி பாஞ்சாலை அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த மரியாதைய அவரு கேட்டாரா?"

"கேட்டுத்தான் குடுப்பாங்களா?"

"நாளைக்கு அவரு ஒனக்குக் குல்லா மாட்டிவுட்டு, இதோ எங்காளுன்னு மைக்குல சொல்லட்டும். அப்ப சொல்லு, மரியாதைனு."

இருசப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தஸ்தகீர் வீட்டு வாசலில் சாக்குத் திரை தொங்கியது. உள்ளே அவர் மனைவி ஜைத்தூன்பீ யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பூசாரி குரல் கேட்டதும் நிறுத்திவிட்டாள். தஸ்தகீர் வெளியே வந்து குதிரைக் கொட்டிலருகே நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒங்க ஆத்தாவப் பத்தி நான் எப்பனா கொறச்சலா பேசியிருக்கேனா பூசாரி?"

"இல்ல."

"மொத வண்டி வெறகு என் வூட்டுது. அதுல எனக்குப் பெருமைதான். எங்கப்பனுக்கும் பெருமைதான். தொழுவறவன் கொண்டாந்த வெறகுல ஒங்க சனம் எறங்கி நடக்குது. அது போதாதா ஒனக்கு? என்னை ஒங்காளுனு சொன்னாத்தான் ஒனக்குத் திருப்தியா? நீ அப்டி சொன்ன நிமிசமே தஸ்தகீர்னு ஒருத்தன் இல்லாம பூட்டான். அங்க இருந்தவன் யாரோ."

இருசப்பனிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று தெரிந்துகொள்கிற நேர்மை அவரிடம் இருந்தது. எத்தனையோ படித்த பெரிய மனிதர்களிடம் அது கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கடையை முழுசாகவே சாத்திவிட்டு, நெற்றிக் குங்குமத்தோடு பள்ளிவாசலுக்கு எதிரே போய் நின்றார். தொழுகை முடிந்து வெளியே வந்த பெரியவர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"அவரு கட்டிக்கல. நான்தான் கையப் புடிச்சிக் கட்டுனேன். அவரு நெனச்சிருந்தா அங்கயே அத்துப் போட்டிருக்கலாம். என் மானம் போவக் கூடாதுனு தூக்கிகினு போனாரு. தப்பு என்னுது. ஆரணிக்கும் நானே வந்து சொல்றேன்."

ஆரணிக்கும் போனார். அந்தச் சம்பந்தம் திரும்பிவரவில்லை. பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அவ்வளவு நல்ல இடம் என்று சொல்ல முடியாது. ஒரு மன்னிப்பு எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்பது கதைகளில் நடப்பது. ஆனால் அதற்கடுத்த திருவிழாவுக்கு முதல் வண்டி விறகு வந்தது. ஜட்காவும் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் எதிரே காத்திருந்தபோது இருசப்பன் ஒன்றைப் பார்த்தார். அதை அவரால் மறக்க முடியவில்லை. பல நாள் கழித்துக் கடையில் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தோல்மண்டி மொதலாளி லேட்டா வந்தாரு. அந்தாளுகிட்ட மூட்டை தூக்கறவன் முன்வரிசையில நிக்கிறான். மொதலாளி கம்முனு அவனுக்குப் பின்னால போயி நின்னுக்கறாரு. 'நகருடா'ன்னு ஒரு வார்த்த இல்ல. எவன் மொதல்ல வந்தானோ அவன் முன்னால! இன்னா அழகான பழக்கம்யா அது! நம்மகிட்ட இல்லியே!"

"பொம்பளைங்க எந்த வரிசையில நின்னாங்களாம்?" என்றாள் சோறு கொண்டுவந்த பாஞ்சாலை.

"அது... உள்ள எனக்குத் தெரியல."

"தெரிஞ்சிகினு வந்து மெச்சு."

கடை முழுக்கச் சிரிப்பு. இருசப்பனும் சிரித்தார். நோன்பு மாதத்தில் வெயிலில் வண்டியோட்டும் தஸ்தகீர் எச்சில் கூட விழுங்காமல் குதிரைக்கு மட்டும் தண்ணீர் காட்டுவதைப் பார்த்துவிட்டு, "நாமளும் வெரதம் இருக்கறோம். பாலு, பழம், சுண்டலு, பலகாரம். வெரதம் இல்லாத நாள்ல கூட அவ்ளோ துன்றதில்ல" என்பார். அடுத்தவன் வழியில் நல்லது இருந்தால் அவருக்குப் பொறாமையே வராது. திறந்த வாயோடு வியப்பார். வியப்பதற்காகத் தன் அம்மனை விட வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை.

ஒருநாள் அவர் அப்படிப் பள்ளிவாசல் வரிசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காற்றடிக்க வந்திருந்த சடையன் கேட்டுக்கொண்டு நின்றார். சடையன் சேரியிலிருந்து வந்து அம்மனுக்குப் பறையடிக்கிறவர். தீமிதி மைதானத்தின் வடக்கோரம் ஒரு தேங்காய் நார்க் கயிறு கட்டியிருப்பார்கள். சடையனும் அவர் தெருக்காரர்களும் அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவர் பறையைக் கேட்டு அம்மன் ஆடலாம். அவர் கிட்டே வரக் கூடாது.

"அங்க போயி பாத்து மெச்சுனது சரி பூசாரி" என்றார் சடையன், காற்றடிக்கும் பம்பை அழுத்திக்கொண்டே. "வேற மதத்து ராவுத்தருக்கு வாசல்ல எடம். ஆத்தாவுக்குக் கொட்டு அடிக்கற எனக்குக் கயித்துக்கு வெளியவா?"

டயர் நிறைந்துவிட்டது. சடையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருசப்பன் அதற்கும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை; பல வருஷம் சொல்லவில்லை. நல்லவர்தான், ஆனால் அந்தக் கயிறு அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே கிடந்தது. பழகிப்போன அநியாயம் நல்லவர்கள் கண்ணுக்குத்தான் கடைசியில் தெரியும்.

எண்பத்திரண்டில் கோயிலுக்குப் புதிய கமிட்டி வந்தது. தலைவர் ராஜமாணிக்கம், அரிசி மில் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போட்டு, விமானம் எழுப்பி, கும்பாபிஷேகம் செய்யத் தன் கைப்பணத்தைப் போட்டவர். செயலாளர் கோதண்டராமன், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், நிறையப் படித்தவர். மில்லில் நெல் காய்கிற களத்தில் கூட்டம் போட்டார்கள். அந்தச் சமயம் எங்கு பார்த்தாலும் மதமாற்றப் பேச்சு. பத்திரிகைகள் அதையே எழுதின. அந்தக் காற்று இந்தக் களத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"புதுக் கோயிலு. ராவுத்தரு கல்ல எடுக்க வேணாம். ஆத்தா காவல்காரர எடுத்தா குத்தம்" என்றார் ராஜமாணிக்கம். "ஆனா முறையா பண்ணிடலாம். முத்தாலப்பர்னு பேரு வெச்சி, பட்டையா விபூதி பூசி, பீடம் கட்டி, சக்கரப் பொங்கல் படைச்சிடலாம். கோழி, சுருட்டெல்லாம் கோயில்ல வேணாம். பாத்தியா ஓதறதும் இத்தோட போவட்டும்."

பலர் தலையாட்டினார்கள். கல்லை எடுக்கவில்லையே, மரியாதையைக் கூட்டத்தானே செய்கிறார்கள் என்று தோன்றியது அவர்களுக்கு. இருசப்பனுக்கு மட்டும் ஒலிபெருக்கியும் மஞ்சள் கயிறும் ரத்தமில்லாத ஒரு முகமும் ஞாபகம் வந்தன.

"வேணாம் மொதலாளி. அவரு அவராவே நிக்கட்டும்."

"இன்னாத்துக்குய்யா தடுக்கற? எல்லா மதமும் ஒண்ணுதானே இருசப்பா?" என்றார் கோதண்டராமன் சிரித்தபடி. "எல்லாம் ஒண்ணுன்னா, விபூதி பூசினா என்ன, பச்சைத் துணி போத்தினா என்ன?"

"அப்டினா ஒங்க வூட்டுப் புள்ளையாருக்குப் பச்சைத் துணி போத்துங்களேன் சார்."

"விதண்டாவாதம் பேசாதே."

"எனக்கு வாதம் பண்ணத் தெரியாது சார். எல்லாம் ஒண்ணுனு எனக்குத் தோணல. வேறதான். அவரு சாமி வேற, சோறு வேற, தொழுவற தெச வேற. வேறயா இருந்துகினே நம்ம ஆத்தாவுக்குக் காவலா நிக்கிறாரே, அதான்யா பெருசு! அவரு நெத்தியில பட்டை போட்டுட்டா அப்பறம் அவரு யாரு? நம்மூரு ஆளு நம்மூரு கோயிலுக்குக் காவல் நிக்கறான். அதுல இன்னா இருக்குது?"

கோதண்டராமன் அதற்கு வேதத்திலிருந்து ஒன்று, புராணத்திலிருந்து ஒன்று, வரலாற்றிலிருந்து ஒன்று என்று பதில் சொன்னார். களத்தில் இருந்தவர்கள் அவர் பேசியதைத்தான் மெச்சினார்கள். கை தூக்கச் சொன்னபோது இருசப்பன் பக்கம் தூக்கியவை சில கைகள்தான்.

ராஜமாணிக்கம் முடித்துவைத்தார். "கும்பாபிசேகத்தன்னிக்கு ஒன் கையாலயே விபூதி பூசு. பூசாரித்தனம் ஒனக்குத்தான், கரகம் ஒனக்குத்தான். முடியாதுன்னா கரகத்த எறக்கி வெச்சிடு."

இருசப்பன் கொஞ்ச நேரம் தரையில் கிடந்த நெல்லைக் காலால் அளைந்துகொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து கோயில் சாவியை எடுத்துக் களத்துத் திட்டின்மேல் வைத்தார். வீட்டுக்குப் போய்ப் பாஞ்சாலையிடம் சொன்னார். அவள் அவர் காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் நெருப்பில் நடந்த கால்.

கும்பாபிஷேகம் நடந்தது. அயலூரிலிருந்து முருகையன் என்ற புதுப் பூசாரி வந்தார். ராவுத்தர் கல் திருநீற்றுப் பட்டையோடு முத்தாலப்பர் ஆனது. எண்பத்து மூன்றாம் வருஷத் தீமிதி வந்தது.

அந்த வருஷம் விறகு டிப்போவிலிருந்து லாரியில் வந்தது. தஸ்தகீர் ஜட்காவைத் திடலின் கோடியில் மைதானத்துக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டு, குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார். இருசப்பன் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கரகத்துக்குப் பின்னால் நிற்க மனம் வரவில்லை. கமிட்டிக்காரர்கள் பக்கத்திலும் முடியாது. நடந்து நடந்து கடைசியில் வடக்கோரக் கயிற்றைத் தாண்டிச் சடையன் பக்கத்தில் போய் நின்றார். சடையன் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"இன்னா பூசாரி, இங்க?"

"அங்க எனக்கு எடம் இல்ல சடையா."

"இங்க நின்னு பாருங்க. குண்டம் தெரியாது. முதுகுங்கதான் தெரியும்."

உண்மைதான். அத்தனை வருஷம் நெருப்பை அத்தனை கிட்டத்தில் பார்த்தவருக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஜனங்களின் முதுகு. சடையனும் அவர் அப்பனும் காலமெல்லாம் பார்த்த காட்சி இது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெயில் தாழ்ந்தது. குண்டத்தில் கட்டைகளைத் தட்டித் தணலைப் பரப்பினார்கள். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பெண்கள் முன்வரிசையில் வந்து நின்றார்கள். முதலில் நின்றவள் பச்சையம்மாள், பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை விற்பவள். முருகையன் கரகத்தைத் தலையில் ஏற்றினார். பச்சையம்மாள் அசையவில்லை.

"ராவுத்தருக்குப் படைச்சாச்சா?"

"படைச்சாச்சும்மா. சக்கரப் பொங்கல்."

"பொங்கலா? ஏன், அவருக்கு ஏகாதசியா?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. பச்சையம்மாள் சிரிக்கவில்லை. "எங்காத்தா காலத்திலிருந்து அவரு துன்னப்பறம்தான் காலு வெக்கிறது. பாய் வெறகு எங்க? ஓதுனாங்களா? நெருப்புல எறங்கறது நானு. ஒங்க கமிட்டி எறங்கல." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். வரிசை முழுக்க மஞ்சள் சேலைகள் மடங்கித் தரையில் அமர்ந்தன.

ராஜமாணிக்கம் அதட்டினார். பிறகு கெஞ்சினார். தணல்மேல் சாம்பல் பூக்கத் தொடங்கியது. ஆறிய நெருப்பில் நடந்தால் தெய்வக் குற்றம். நடக்காமலே போனால் ஊருக்கே குற்றம். "அந்த இருசப்பன் தூண்டிவுட்டதுதான் இதெல்லாம்" என்று யாரோ கத்தினார்கள். பச்சையம்மாள் உட்கார்ந்தபடியே திரும்பினாள். "எனக்கு மூள இல்லியா? வேற எவனாவது வந்து தூண்டணுமா?"

ராஜமாணிக்கம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கயிற்றருகே வந்தார். வியர்த்து நனைந்திருந்தார்.

"இருசப்பா, உள்ள வாய்யா. பழையபடி எதனா செய். நெருப்பு ஆறுது."

இருசப்பன் கயிற்றைப் பார்த்தார். சடையன் பறையைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயித்த அவுக்கச் சொல்லுங்க மொதலாளி. வரேன்."

"இப்ப அது இன்னாத்துக்கு? நீ குனிஞ்சி வாயேன்!"

"நான் வந்துடுவேன். இவுங்க?" இருசப்பன் சடையன் பக்கம் கையைக் காட்டினார். "சடையன் என்கிட்ட இதக் கேட்டு எத்தினியோ வருசம் ஆவுது. நான் வாயத் தெறக்கல. இன்னிக்கி இங்க நின்னு பாத்துட்டேன். இனிமே நான் மட்டும் எப்டி உள்ள வருவேன்?"

கூட்டத்தில் சில முகங்கள் கடுத்தன. மைதானத்திலிருந்து பச்சையம்மாளின் குரல் வந்தது: "அவுத்துத் தொலைங்கய்யா! என் வேண்டுதல் வீணாப் போவுது!"

கயிற்றின் முடிச்சில் முதலில் கை வைத்தவர் கோதண்டராமன். ஏன் என்று அவர் சொல்லவில்லை. தேங்காய் நார் முடிச்சு லேசில் பிரியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

இருசப்பன் நேரே ஜட்காவிடம் போனார். தஸ்தகீர் சீப்பைக் கீழே வைக்காமலே நின்றார்.

"கையப் புடிச்சி இழுக்க வரல பாய். கேக்க வந்திருக்கேன். வரதும் வராததும் ஒங்க இஷ்டம்."

தஸ்தகீர் குதிரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மக்ரிப் தொழுகைக்கு நேரம் ஆவுது. அதுக்குள்ள முடிச்சிடணும்."

"முடிச்சிடலாம்."

"பொங்கல் வெச்சாங்களாமே? அவரு குதிரை கூட அதத் துன்னாது." அவர் வாயோரம் கோணியது. "ஜைத்தூனு காலையிலயே நெய்ச்சோறு ஆக்கிட்டா. எவனும் வரப் போறதில்ல, இன்னாத்துக்குடின்னேன். இன்னிக்கி ஆக்கற நாளு, ஆக்கறேன்னா. போயி எடுத்தாறேன்."

அவர் வண்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்வருவதற்குள் இருசப்பன் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக் கல்லின் மேல் ஊற்றித் திருநீற்றை ஒரு கோடு மிச்சமில்லாமல் கழுவினார். பச்சைத் துணியை அவர் போர்த்தவில்லை. அது தன் வேலை இல்லை என்று தள்ளி நின்றுகொண்டார். தஸ்தகீர் போர்த்தினார். சாம்பிராணி போட்டு, ஜைத்தூன்பீ ஆக்கிய நெய்ச்சோற்றைப் படைத்தார். வண்டியில் கிடந்த ஒரு கட்டைப் புளியம் விறகைக் கொண்டுபோய்த் தணலில் போட்டார். கையேந்தி ஓதினார். யாரும் அவரை மைக்கருகே கூப்பிடவில்லை. முடித்ததும், வந்த வழியே வண்டியைத் திருப்பிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

பச்சையம்மாள் எழுந்து சேலை மண்ணைத் தட்டினாள்.

முருகையன் கரகத்தைத் தலையிலிருந்து இறக்கி நீட்டினார். "ஒங்களுதுங்க, எடுத்துக்குங்க."

அதற்காக இருசப்பனின் கை பரபரத்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆனால் அவர் அதைத் தொடவில்லை. "வெரதம் இருந்தவன் நீ. நீயே எறங்கு" என்றார். சடையனின் பறை அன்று குண்டத்து விளிம்பிலிருந்து முழங்கியது. தணலின் வெக்கை தோலில் பட்டுப் பறை இன்னும் இறுகியது. முருகையன் இறங்கினார், பின்னால் பச்சையம்மாள், அவளுக்குப் பின்னால் மஞ்சள் சேலைகள்.

அடுத்த வருஷம் கமிட்டி இருசப்பனைக் கூப்பிட்டுச் சாவியையும் கரகத்தையும் திருப்பிக் கொடுத்தது. தீமிதி அன்று பார்த்தால், வடக்கோரம் கயிறு மறுபடியும் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. இருசப்பன் சத்தம் போடவில்லை. பூங்கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கயிற்றுக்கடியில் மெல்லக் குனிந்து வெளியே போய், சடையன் பக்கத்தில் நின்றுகொண்டார். கரகம் அங்கே நின்றால் திருவிழாவும் அங்கேதான் நிற்கும். குண்டத்தில் தணல் தயாராகிக்கொண்டிருந்தது.

அவிழ்க்க வேண்டியிருந்தது.

அதற்கடுத்த வருஷம் யாரும் அதைக் கட்டவில்லை. கோயில் உத்தரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பாஞ்சாலைதான் ஒருநாள் உருவியெடுத்து வந்து தஸ்தகீரிடம் கொடுத்தாள். குதிரைக்குப் புல்லுக்கட்டுக் கட்ட அது நன்றாகவே உழைத்தது.